கில்பெக்: கண்டுகொள்ள ஆளில்லாததால் பிழைத்த கோயில்

இங்கிலாந்தில் கில்பெக் என்ற ஊரில் இருக்கும் கிறிஸ்தவக் கோயிலின் தெற்கு வாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் பாம்பா டிராகனா என்று சொல்ல முடியாத நீளமான ஜந்துக்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. ஒன்றின் வாலை இன்னொன்று கவ்விக்கொண்டிருக்கிறது. உடம்பில் ஓடும் கோடுகள்கூட இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. ஏதோ போன வருடம் செதுக்கி வைத்தது போல இருக்கும், ஆனால் ஏறக்குறைய 880 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கல் அது. இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹெரிஃபோர்ட் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய கிராமப்புறத்தில் இருக்கிறது கில்பெக். நாலு வீடு, ஒரு மேடு, இடிந்த கோட்டைச் சுவர், ஒரு பங்குக் கோயில். அந்தக் கோயிலும் சின்னதுதான். ஆனால் இங்கிலாந்தின் 11, 12ஆம் நூற்றாண்டு ரொமனெஸ்க் பாணிச் சிற்பங்களைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் பெரிய பெரிய பேராலயங்களைத் தாண்டி இந்தக் குட்டிக் கோயிலுக்கு வந்தே தீர வேண்டும். இங்கே இவ்வளவு வேலைப்பாடு எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. எப்படித் தங்கியது என்பது இன்னொரு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் சுவாரசியம், ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

முதலில் ரொமனெஸ்க் என்ற பெயர். அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. 1818இல் நார்மண்டியைச் சேர்ந்த ஷார்ல் தெ ஜெர்வில் என்ற அறிஞர் ஒரு கடிதத்தில் பிரெஞ்சில் அந்தச் சொல்லைப் போட்டார். அடுத்த வருடமே வில்லியம் கன் என்ற ஆங்கிலேயர் ஆங்கிலத்தில் அச்சேற்றினார். லத்தீன் மொழி சிதைந்து பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் என்று ஆனது போல, ரோமானியக் கட்டடக்கலை சிதைந்து இது ஆயிற்று என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம். பாராட்டாக வைத்த பெயர் இல்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்தப் பாணி அங்கே பெரிய அளவில் பரவியதால் இங்கிலாந்தில் இதற்கு நார்மன் பாணி என்றே பெயர். அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல்: இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் அநேகமாக இந்தக் காலம்தான்.

மூன்றும் ஒரே காரணத்தின் விளைவு. வளைவு என்பது ஆப்பு வடிவக் கற்களை அடுக்குவது. கீழே மரத்தில் ஒரு சாரம், நம் ஊர்க் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்கிறார்களே அதேதான், அதை அரைவட்டமாக அடித்து நிறுத்தி, இரண்டு பக்கமும் கல்லை ஏற்றிக்கொண்டே வந்து, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்கிவிட்டு மரத்தை உருவிவிடுவார்கள். அதன் பிறகு கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்த நெருக்கல் கீழ்நோக்கி மட்டும் போகாது, பக்கவாட்டிலும் தள்ளும். கூரான வளைவைவிட அரைவட்ட வளைவு அதிகமாகவே தள்ளும். தள்ளுவதைத் தாங்கச் சுவர் தடிக்க வேண்டும், தடித்த சுவரில் பெரிய ஓட்டை போட்டால் பலம் போய்விடும், அதனால் ஜன்னல் சிறுத்துவிடும். வெளியிலும் உள்ளேயும் செதுக்கிய கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்தில் போட்ட உடைகல் என்று சுவரை எழுப்புவது அந்தக் காலத்து வழக்கம். கில்பெக்கில் மக்கள் நிற்கும் கூடத்துக்கு மேலே மரக்கூரைதான். கிழக்குக் கோடியில் இருக்கிற அரைவட்ட அறைக்கு மட்டும் கல்லாலேயே கவிந்த மேற்கூரை. விலா எலும்பு போலக் கற்கள் ஓடி உச்சியில் சந்திக்கும் இடத்தில் தலைகள் செதுக்கியிருக்கிறார்கள். ஆக, கூடம், அதை ஒட்டிச் சற்றே குறுகிய பீடப்பகுதி, அப்புறம் அந்த அரைவட்டம். மூன்று பெட்டியை வரிசையாக வைத்து, கடைசிப் பெட்டியை மட்டும் வட்டமாக்கிய மாதிரி. அவ்வளவுதான் திட்டம்.

சரி, இதை யார் கட்டினார்கள்? 1086இல் இங்கிலாந்து முழுக்க நிலக் கணக்கு எடுத்தபோது இந்த ஊர் நார்மன் என்பவரின் மகன் வில்லியம் கையில் இருந்தது. (அப்பாவின் பெயரே நார்மன்; இனப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவருடைய மகன் ஹியூ. இவர்கள் இந்தப் பகுதியில் அரசருடைய காட்டுக்குக் காவல் பார்த்த குடும்பம். வேட்டைக்காடு என்பது அரசனுக்கு உயிர் மாதிரி இருந்த காலம் என்பதால் அந்தப் பதவிக்கு நல்ல மரியாதை உண்டு, வருமானமும் உண்டு. மண்ணைக் குவித்து மேடாக்கி அதன் மேல் கோட்டை, அதைச் சுற்றி அகழி, பக்கத்திலேயே கோயில், அதற்கு அந்தப் பக்கம் குடியானவர்களின் ஊர் என்று ஒரே மூச்சில் அமைந்த இடம் இது. 1134இல் ஹியூ இந்தக் கோயிலை க்ளாஸ்டரில் இருந்த புனித பேதுரு மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மடத்தின் கோயில்தான் இன்றைக்கு க்ளாஸ்டர் பேராலயம். நாம் இப்போது பார்க்கிற கட்டடம் 1140 வாக்கில் எழுந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1135இல் முதலாம் ஹென்றி இறந்துபோக, அவர் மகள் மெட்டில்டாவுக்கும் சகோதரி மகன் ஸ்டீஃபனுக்கும் அரியணைச் சண்டை மூண்டு, 1154 வரைக்கும் நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. ஹெரிஃபோர்ட் பகுதி அந்தச் சண்டையில் நடு அடுப்பு. 1138இல் ஸ்டீஃபனே படையோடு வந்து ஹெரிஃபோர்ட் கோட்டையை முற்றுகையிட்டார். ஊர் பற்றி எரியும்போது ஒரு காட்டு அதிகாரி சின்னக் கோயிலுக்கு இத்தனை சிற்பம் செய்ய ஆள் பிடித்திருக்கிறார் என்றால், அதைப் பக்தி என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்துப் பிரபு கட்டிவிட்டான், நாமும் கட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

அந்தப் பக்கத்துப் பிரபுவின் கதையும் கிடைத்திருக்கிறது. ஹியூ தெ மார்ட்டிமர் என்ற பெரும்புள்ளியிடம் காரியஸ்தராக இருந்தவர் ஆலிவர் தெ மெர்லிமோன். அவர் ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் வடக்கில் ஷாப்டன் என்ற ஊரில் ஒரு கோயில் கட்டினார். ஸ்பெயினில் இருக்கிற சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குத் திருப்பயணமும் போய் வந்தார். இது விக்மோர் மடத்தின் வரலாற்றுக் குறிப்பில் வருகிறது. திருப்பயணம் என்றால் பிரான்ஸின் மேற்குப் பகுதி வழியாக நடந்தும் குதிரையிலும் போக வேண்டும். அந்த வழியெல்லாம் கோயில் வாசல்களில் வளைவின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு உருவம் வைக்கும் வழக்கம் கொழித்துக்கிடந்தது. ஆலிவரோடு ஒரு கல்தச்சரும் போய் எல்லாவற்றையும் கண்ணில் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் ஊகம். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஷாப்டனில் வேலை செய்த கைகள்தான் கில்பெக்கிலும் வேலை செய்தன என்பதில் பெரிய சண்டை இல்லை. ஈர்டிஸ்லி, காசில் ஃப்ரோம் ஆகிய ஊர்களின் ஞானஸ்நானத் தொட்டிகள், பிரின்ஸப்பில் குதிரை மேல் இருக்கும் புனித ஜார்ஜ் என்று அதே குழுவின் வேலை இந்த மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டு வைக்காவிட்டாலும் ஒரே ஆள் எழுதினது தெரிந்துவிடும் இல்லையா, அப்படி.

இப்போது வாசலுக்கு வருவோம், நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. இடது பக்கத் தூணில் கொடிகளுக்கு நடுவே இரண்டு மனிதர்கள் ஒருவருக்கு மேல் ஒருவராக நிற்கிறார்கள். கூம்பு மாதிரித் தொப்பி, இடுப்பில் கச்சை, உடம்போடு ஒட்டிய சட்டை, முழுக்க வரிவரியாகக் கோடு போட்ட கால்சட்டை. பஞ்சு வைத்துத் தைத்த போர் உடையா, அந்தக் காலத்து வேல்ஸ்காரர்களின் உடையா என்று பேசித் தீரவில்லை. கொடியை அவர்கள் பிடித்திருக்கிறார்களா, கொடி அவர்களைப் பிடித்திருக்கிறதா என்பதும் தெரியாது. வலது பக்கத் தூணில் ஆட்கள் இல்லை, இலையும் கொடியும்தான், அடியில் பறவைகள். அந்தத் தூணின் தலைப்பில் ஒரு முகம், வாயிலிருந்து இலைகள் வளர்ந்து இரண்டு பக்கமும் போகின்றன. மேலே வளைவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கிற அரைவட்டக் கல்லில், பெரிய கோயில்களில் கிறிஸ்து அரியணையில் அமர்ந்திருப்பார், கீழே பாவிகள் நரகத்துக்குப் போவார்கள். இங்கே ஒரே ஒரு மரம். திராட்சைக்கொடி மாதிரி, வாழ்வின் மரம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எத்தனையோ மிருகங்கள் கடித்துக்கொண்டும் விழுங்கிக்கொண்டும் இருக்கிற வாசலில், நடுவில் இவ்வளவு அமைதியாக ஒரு மரத்தை வைத்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதைச் சுற்றி வளைவுக் கற்களில் பறவை மூக்குத் தலைகள், டிராகன்கள், வால் சுருண்ட விலங்குகள், வட்டங்களுக்குள் அடைத்த உருவங்கள். ஒவ்வொரு கல்லும் கீழே பட்டறையில் செதுக்கி முடித்து, பிறகு மேலே ஏற்றியது. கல்லுக்கு ஒரு உருவம் என்று இருப்பதால்தான் வரிசையில் கதை எதுவும் ஓடுவதில்லை. முதல் கல் எது, அடுத்தது எது, என்ன சொல்ல வருகிறார்கள் என்று தேடிக் களைத்துப்போனவர்கள் நிறைய. மத்தியகாலச் சிற்பங்கள் இன்றைக்கு நாம் பார்ப்பது போல வெறும் கல்நிறத்தில் இருந்ததும் பொதுவாகக் கிடையாது, வண்ணம் பூசுவது வழக்கம்.

கூரையின் ஓரத்தைத் தாங்குவதற்குச் சுவரிலிருந்து வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் கற்கள்தான் கில்பெக்கை ஊர் உலகத்துக்குத் தெரியவைத்தவை. கட்டடவேலைப்படி பார்த்தால் சாதாரணத் தாங்குகல், கூரைக்குக் கீழே ஓடும் கல்வரியை ஏந்திப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொன்றின் நுனியிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய கண்ணை உருட்டிப் பார்க்கிற நாயும் முயலும், அவை இன்றைய கார்ட்டூனிலிருந்து இறங்கி வந்தவை என்று யாராவது சொன்னால் நம்பிவிடலாம். சிலுவையைச் சுமக்கும் செம்மறி. வில் போட்டு வாசிக்கும் ஒரு கருவியோடு ஒருத்தன். கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர், காதலா மல்யுத்தமா என்று கேட்காதீர்கள். பன்றி, ஆட்டுக்கடா, வாய்க்கட்டுப் போட்ட கரடி. நாயும் முயலும் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு: காசு கொடுத்தவர் காட்டு அதிகாரி, கொஞ்சம் அவர் வீட்டுச் சமாச்சாரமும் வரத்தானே செய்யும்? இது என் ஊகம் மட்டும்.

கடைசியில் ஷீலா. ஷீலா-நா-கிக் என்பது அயர்லாந்திலிருந்து வந்த பெயர். இரண்டு கையாலும் தன் பெண்குறியை விரித்துக் காட்டுகிற பெண் உருவம். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பழைய கோயில், கோட்டைச் சுவர்களில் இப்படிப் பல உண்டு, அவற்றில் மிகவும் பெயர்பெற்றது கில்பெக்கில் பீடப்பகுதியைச் சுற்றியுள்ள தாங்குகற்களில் இருப்பது. மொட்டைத்தலை, பெரிய கண், சிரிக்கிறாளா என்று சந்தேகம் வரும் முகம். 1842இல் ஜி. ஆர். லூயிஸ் என்ற ஓவியர் இந்தக் கோயிலை அங்குலம் அங்குலமாக வரைந்து வெளியிட்டார். நல்ல கை அவருக்கு. ஆனால் ஷீலாவிடம் வந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல், இது ஒரு முட்டாளின் உருவம், நெஞ்சைப் பிளந்து தன் இதயம் எல்லோருக்கும் திறந்திருப்பதைக் காட்டுகிறான் என்று எழுதிவைத்துவிட்டார். விக்டோரியா ராணி காலத்து மனிதர், பாவம்.

அவர் வரைந்த தாங்குகற்கள் 91. இப்போது இருப்பது 85. ஆபாசமாக இருந்த ஆறையும் யாரோ நாகரிகம் பார்க்கும் சீமாட்டி கழற்றச் சொல்லிவிட்டாள் என்று சொல்லப்படும் கதையை நான் நம்புவதில்லை. ஆபாசம் என்று தேர்ந்தெடுத்துக் கழற்றியிருந்தால் ஷீலா எப்படித் தப்பினாள்? அவளை விட்டுவிட்டு வேறு எதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்?

இவளைக் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தாய்த்தெய்வம் என்று சொல்வது இணையத்தில் ரொம்பப் பிரபலம். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் இதே மாதிரி உருவங்கள், ஆண் உருவங்களும் சேர்த்து, பிரான்ஸிலும் வடக்கு ஸ்பெயினிலும் 11, 12ஆம் நூற்றாண்டுக் கோயில்களின் தாங்குகற்களில் இருக்கின்றன. அங்கே குடிகாரன், பண மூட்டை சுமக்கும் கருமி எல்லோரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காமம், பேராசை என்று பாவங்களைக் காட்டிப் பயமுறுத்தும் வரிசை அது என்கிறது ஒரு தரப்பு. கெட்ட பார்வையை விரட்டுவதற்கு வைத்தது என்கிறது இன்னொரு தரப்பு. பாவத்தைக் காட்ட வைத்ததைப் பார்த்து ஊர்ப் பெண்கள் பிள்ளை வரம் கேட்டிருக்கலாம்; செதுக்கியவன் நினைத்ததும் கும்பிட்டவர்கள் நினைத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

அந்தக் காலத்திலேயே இந்த மிருகங்களைப் பார்த்துச் சலித்துக்கொண்ட ஒருவர் உண்டு. 1125 வாக்கில் பிரான்ஸின் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட், மடங்களில் இந்தக் கோரமான குரங்குகளும் சிங்கங்களும் பாதி மனித உருவங்களும் எதற்கு, துறவிகள் வேதத்தைப் படிப்பதை விட்டுவிட்டு நாள் முழுக்க இதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெட்கம் இல்லாவிட்டாலும் செலவையாவது யோசிக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினார். ஆனால் அதே எழுத்தில், ஆயர்களுக்கு வேறு கடமை, படிக்காத மக்களின் பக்தியைத் தூண்ட அவர்களுக்கு அலங்காரம் தேவைப்படலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தார். கில்பெக் துறவிகளுக்குக் கட்டிய மடக் கோயில் இல்லை. உழுகிறவனும் மாடு மேய்க்கிறவனும் வருகிற இடம்.

உள்ளே போனால் சட்டென்று அடங்கிவிடுகிறது. கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே நிற்கிற வளைவின் தூண்களில் ஒருவர் தலைமேல் ஒருவராகப் பக்கத்துக்கு மூன்று பேர், அப்போஸ்தலர்கள் என்று கொள்கிறார்கள். தூணில் ஆட்களை இப்படி அடுக்குவது சாந்தியாகோவின் தெற்கு வாசலில் இருக்கிறது, ஆலிவரின் பயணத்தை நினைவுபடுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியே இருக்கிற துள்ளல் இவர்களிடம் இல்லை, பீடத்துக்குப் பக்கம் வந்துவிட்டோம் அல்லவா. தீர்த்தத் தொட்டி ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குக் கோயிலிலேயே வேடிக்கையான பொருள்: பானை வயிறு மாதிரி உருண்டிருக்க, இரண்டு கைகள் சுற்றி வந்து அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வயிறு முட்டச் சாப்பிட்டவர் கை வைத்துக்கொள்வாரே, அதே மாதிரி.

இனி எப்படித் தங்கியது என்பதற்கு வருவோம். கல் ஒரு காரணம், இந்தப் பகுதியின் பழைய செம்மணற்கல்லில் இங்கே கிடைத்தது நன்றாக உறுதியான ரகம். ஆனால் கல் மட்டும் காப்பாற்றாது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னரே வந்து தங்கிப்போன கோட்டை இது, அப்போது ஊருக்கு நல்ல காலம். அது நீடிக்கவில்லை. க்ளாஸ்டர் மடத்தின் கிளையாக இங்கே இருந்த சின்ன மடம் 15ஆம் நூற்றாண்டிலேயே மூடப்பட்டது, பழைய ஊரின் பெரும்பகுதி காலியாகி இன்று புல்வெளியில் மேடு பள்ளமாகத்தான் தெரிகிறது, கோட்டையை 1640களின் உள்நாட்டுப் போரில் உடைத்துப்போட்டார்கள். காசு இருந்த ஊர்களில் நடந்ததைப் பாருங்கள்: கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்ந்ததும் பழைய அரைவட்ட ஜன்னலைப் பிடுங்கிப் பெரிய கூர்வளைவு ஜன்னல் வைத்தார்கள், கூடத்தை இரண்டு பக்கமும் இடித்து அகலப்படுத்தினார்கள், கிழக்கே இருந்த அரைவட்டத்தை எடுத்துவிட்டுச் சதுரமாக நீட்டினார்கள். இங்கிலாந்தின் நார்மன் காலப் பங்குக் கோயில்களில் பலவற்றின் கிழக்கு அரைவட்டம் இப்படித்தான் போனது. கில்பெக்கில் இடிக்கவும் காசில்லை, அகலப்படுத்தவும் ஆளில்லை.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் புராட்டஸ்டண்டுகள் கோயில் கோயிலாகப் போய்ப் புனிதர் சிலைகளின் தலையைத் தட்டிய காலத்திலும் இந்த வாசல் தப்பியது. அவர்கள் கோபம் மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வணங்கும் உருவங்கள் மேல். நாயையும் முயலையும் யார் வணங்கப்போகிறார்கள்? 1840களில் எல். என். காட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞர் பழுதுபார்க்கும் வேலையைத் திட்டமிட்டார். அந்தக் காலத்துப் புதுப்பித்தல் என்றாலே வயிற்றைக் கலக்கும், பல கோயில்களில் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பழையது செய்து வைத்தார்கள். இங்கே சிற்பங்கள் பிழைத்தன. இன்றும் இது வழிபாடு நடக்கிற பங்குக் கோயில்தான், கன்னி மரியாள் பெயரிலும் வேல்ஸின் பாதுகாவலரான புனித தாவீது பெயரிலும்.

ஷாப்டனுக்கு என்ன ஆனது என்று கேட்டால் வயிறு எரியும். 1750களில் அந்த ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பேட்மன் குடும்பத்துக்கு ரசனை கொஞ்சம் அதிகம், பழைய கோயிலை இடித்துவிட்டு அன்றைய நாகரிகத்தில் வெள்ளையும் நீலமுமாக கேக் மாதிரி ஒரு கோயில் கட்டினார்கள். பழைய சிற்பங்களின் அழகு தெரியாதவர்கள் இல்லை அவர்கள், தெரிந்ததால்தான் வினை. வளைவுகளையும் வாசல்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய், மாளிகையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு மேட்டின் மேல் திறந்தவெளியில் காட்சிப் பொருளாக நிறுத்தினார்கள். மேலே கூரை கிடையாது. உள்ளே இருப்பதற்காகச் செதுக்கிய கல்லும் அதில் சேர்ந்து நனைந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் மழையும் பனியும் தின்று, இன்று பல இடங்களில் மூக்கும் இல்லை, கையும் இல்லை, வெறும் மொழுக்கை. லூயிஸ் ஷாப்டனையும் 1852இல் வரைந்து வெளியிட்டிருந்ததால் எது எது எப்படி இருந்தது என்று ஓரளவு தெரிகிறது. அந்த ஓவியத்தையும் கில்பெக் வாசலின் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷாப்டன் தூணைப் பார்த்தால், கொடிக்கு நடுவில் தேய்ந்துபோன ஒரு நீளமான வீக்கத்தில் வரிவரியான கால்சட்டை மெல்லப் புலப்படும்.